எங்க ஊர்க் குழாயில 0.2 இருக்கா?

“கேன் தண்ணி வாங்கிக் குடுத்திருக்கலாமே?”

இந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்குக் கோவம் வருது.

பக்கத்துத் தெருவுல ஒரு குழந்தைக்கு வயித்தால போயி, ஆஸ்பத்திரியில டிரிப்ஸ் ஏத்திக் கூட்டிட்டு வந்திருக்காங்க. பார்க்கப் போன சொந்தக்காரங்க, வாங்கிட்டுப் போன பழத்தைக் கீழ வெச்ச கையோட குழந்தையைப் பெத்த பொண்ணுகிட்ட முதல்ல கேட்டது இதைத்தான். அவ ஒண்ணும் பேசல. தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

அவ எதுக்குத் தலையைக் குனியணும்?

வீட்டுக்குக் குழாய் போட்டிருக்கு. தண்ணிக்குக் காசு கட்டுறாங்க. அந்தத் தண்ணி குடிக்கலாமா கூடாதான்னு தினம் பார்த்துச் சொல்ல வேண்டியவங்க இருக்காங்க. அவங்ககிட்ட யாரும் கேட்கல. பெத்தவகிட்ட வந்து கேட்கிறோம்.

அன்னிக்கு ராத்திரி எழுத ஆரம்பிச்சதுதான் இது. கொஞ்சம் நீளமாப் போகும். பொறுத்துக்குங்க.

வெளியூர்ல இருந்து படிக்கிறவங்களுக்கு முதல்ல எங்க ஊரைச் சொல்லிடறேன். காரைக்கால் புதுச்சேரியோட ஒரு மாவட்டம். ஆனா புதுச்சேரி இங்கேருந்து 130 கிலோமீட்டர் தள்ளி இருக்கு. மூணு பக்கமும் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். காவிரியோட கடைமடை. அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, திருமலைராஜனாறுன்னு ஆறுகளுக்குக் குறைச்சலே இல்ல. 2011 கணக்குப்படி ரெண்டு லட்சம் பேர் இருக்கோம். (சனிக்கிழமை ஆனா திருநள்ளாறு கோயிலுக்கு வர்ற கூட்டம் தனி. அவங்களும் இங்கதானே தண்ணி குடிக்கிறாங்க.)

இப்ப 2022-க்கு வருவோம். ஊர்ல பெரியவங்க யாரும் மறந்திருக்க மாட்டாங்க.

ஜூன் கடைசியில ஒவ்வொரு வீட்டுலயா வாந்தி பேதின்னு படுக்க ஆரம்பிச்சாங்க. அரசு ஆஸ்பத்திரியில கட்டில் பத்தல. ஜூலை 3-ஆம் தேதி புதுச்சேரி சுகாதாரத் துறை காரைக்கால்ல பொது சுகாதார அவசரநிலைன்னு அறிவிச்சது. 1,500 பேருக்கும் மேல வயித்துப்போக்கு. மாதிரி எடுத்துப் பார்த்ததுல சிலருக்குக் காலராவே உறுதியாச்சு. பள்ளிக்கூடம், காலேஜுக்கு மூணு நாள் லீவு விட்டாங்க. காரைக்கால் அம்மையாரோட மாங்கனித் திருவிழாவுக்குப் பத்து நாள் கூட இல்லாத நேரம் அது. வீட்டுக்கு வீடு விருந்தாளி வந்து இறங்குற சமயத்துல, “இப்ப வராதீங்க”ன்னு போன் பண்ணிச் சொன்னவங்க எத்தனை பேர்.

காரணமா சொன்னது என்ன? குடிதண்ணிக் குழாய்ல உடைப்பு, கசிவு. அது வழியா சாக்கடைத் தண்ணி உள்ள போயிருக்கு.

இப்ப ஒண்ணு கவனிங்க. கிராமத்துல எல்லா வீட்டுக்கும் குழாய் இணைப்பு குடுத்தாச்சுன்னு புதுச்சேரி 2021-லயே அறிவிச்சிடுச்சு. ஜல் ஜீவன் திட்டத்துல நூத்துக்கு நூறு வாங்கின முதல் சில இடங்கள்ல நாமளும் ஒண்ணு. நல்ல விஷயம், அதைக் குறை சொல்ல மாட்டேன். குடத்தை இடுப்புல வெச்சுக்கிட்டு நடந்த பொம்பளைங்களுக்கு அந்தக் குழாயோட அருமை தெரியும்.

ஆனா அடுத்த வருஷமே காலரா.

குழாய் வீட்டுக்கு வந்துடுச்சான்னு ஒரு கணக்கு இருக்கு. குழாய்ல வர்ற தண்ணி குடிக்கத் தகுந்ததான்னு இன்னொரு கணக்கு இருக்கு. முதல் கணக்கை நாடே எண்ணுது, போர்டு வைக்குது, விழா எடுக்குது. ரெண்டாவதை எண்ணுறாங்களா, எண்ணினா எங்களுக்குச் சொல்றாங்களா? நான் சொல்ல வந்தது மொத்தமே இதுதான்.

சரி, சாக்கடைத் தண்ணி எப்படிக் குழாய்க்குள்ள போகுது? குழாய்ல ஓட்டை இருந்தா தண்ணி வெளியதானே பீய்ச்சி அடிக்கணும்னு ரொம்ப பேர் கேட்கிறாங்க. நியாயமான கேள்வி.

தண்ணி ஓடிக்கிட்டிருக்கிற வரைக்கும் அப்படித்தான். உள்ள இருக்கிற அழுத்தம் வெளிய தள்ளும். ஆனா நம்ம ஊர்ல தண்ணி நாள் முழுக்க வர்றதில்ல. காலையில கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம். வால்வை மூடினதும் குழாய் காலியாகும். மேடு பள்ளத்துல மிச்சத் தண்ணி வடியறப்போ உள்ள ஒரு வெற்றிடம் உண்டாகுது. அந்த வெற்றிடம் ஓட்டை வழியா வெளியில இருக்கிறதை உள்ள இழுக்கும். வெளிய என்ன இருக்கு? பக்கத்துலயே சாக்கடை.

நம்ம பூமி எப்படின்னு யோசிங்க. டெல்டா. தட்டை நிலம். ரெண்டு மூணு அடி தோண்டினாலே ஈரம். குழாய், சாக்கடை, வீட்டு இணைப்பு எல்லாம் அந்த ஈர மண்ணுக்குள்ளயேதான் கிடக்கு. மழைக்காலத்துல குழாய் முழுசா அழுக்குத் தண்ணிக்குள்ள முங்கிக் கிடக்கும். எங்க தெருவுல நடந்து போயிப் பாருங்க. மெயின் லைன்ல இருந்து வீட்டுக்கு வர்ற சின்ன பிவிசி பைப் சாக்கடைக்குள்ளயே இறங்கி ஏறும். ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் இதே கதை.

இதுல இன்னொண்ணு, வீட்டுக்கு வீடு மோட்டார். தண்ணி மெதுவா வருதுன்னு குழாய்லயே நேரா மோட்டாரை மாட்டி உறிஞ்சுறது. மோட்டார் போடற வீட்டுக்குத் தண்ணி கிடைக்குது. ஆனா அந்த உறிஞ்சல்ல மொத்தத் தெருக் குழாய்லயும் அழுத்தம் இறங்கிடும். எந்த இடத்துல விரிசல் இருக்கோ அங்கேருந்து சாக்கடை உள்ள வரும். மோட்டார் போட்டவர் வீட்டுக்கும் சேர்த்துத்தான் வரும். கோவிச்சுக்காதீங்க, இதைச் சொல்லாம விட முடியாது. நேரா லைன்ல மோட்டார் மாட்டாதீங்க. சம்ப்ல தண்ணியை விழ விட்டு, அங்கேருந்து மேல ஏத்துங்க.

ஒடிசாவுல பூரி நகரத்துல 2021 ஜூலையில இருந்து 24 மணி நேரமும் குழாய்ல தண்ணி, அதுவும் அப்படியே பிடிச்சுக் குடிக்கிற தண்ணி. நாட்டுலயே அந்த மாதிரி முதல் ஊர். நாள் முழுக்க அழுத்தம் இருந்தா சாக்கடைக்கு உள்ள வர வழியே கிடைக்காது. பூரியும் நம்மள மாதிரி கடலோர ஊர்தான். கோயிலுக்கு வர்ற கூட்டத்துக்கும் குறைவில்ல. அங்க முடியுது.

சரி, அந்த அளவுக்கு வர்ற வரைக்கும் நம்மைக் காப்பாத்துறது எது?

குளோரின்.

டேங்க்ல போடற குளோரின்ல கொஞ்சம் மிச்சம், தண்ணி கூடவே குழாய் வழியா நம்ம வீடு வரைக்கும் வரணும். வழியில எங்கயாவது கிருமி உள்ள நுழைஞ்சா அந்த மிச்சம்தான் அதோட மோதும். ஐஎஸ் 10500-ன்னு இந்தியத் தர நிர்ணயம் ஒண்ணு இருக்கு. 2012-ல திருத்தி எழுதினது. அதுப்படி ஒரு லிட்டர் தண்ணிக்குக் குறைஞ்சது 0.2 மில்லிகிராம் குளோரின் வீட்டுக் குழாய்ல மிச்சம் இருக்கணும். 100 மில்லி தண்ணியில ஈ.கோலை கிருமி ஒண்ணு கூட இருக்கக் கூடாது.

0.2. இந்த எண்ணைத் தயவு செஞ்சு மனப்பாடம் பண்ணிக்குங்க. ரேஷன் கார்டு நம்பர் மாதிரி வீட்டுல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும்.

இந்த 0.2 எங்க காணாமப் போகுதுன்னா, பாதி இடத்துல நம்ம வாயாலதான். “தண்ணியில மருந்து வாடை அடிக்குது, சோறு வடிச்சா நாறுது”ன்னு டேங்க் ஆபரேட்டர்கிட்ட போயி சண்டை போடுறோம். அவரு பாவம், ஊரோட பேச்சைக் கேட்டு மறுநாள் பிளீச்சிங் பவுடரைக் குறைக்கிறாரு. வாடை போயிடுது. எல்லாருக்கும் சந்தோஷம். காவலும் போயிடுது.

அந்த லேசான வாடை இருக்கணுங்க. ஒரு பாத்திரத்துல பிடிச்சு அரை மணி ஒரு மணி நேரம் திறந்து வெச்சா வாடை குறைஞ்சிடும். அதுக்காக ஆபரேட்டரைத் திட்டாதீங்க. வாடையே வராத நாள்லதான் அவருகிட்ட போயி விசாரிக்கணும்.

(பிளீச்சிங் பவுடர்லயே ஒரு சிக்கல் இருக்கு. புதுசா இருக்கும்போது அதுல மூணுல ஒரு பங்குக்குத்தான் குளோரின் பலம். மூட்டையைப் பிரிச்சுக் காத்துல வெச்சா பலம் இறங்கிக்கிட்டே போகும். எங்க ஊர் மாதிரி கடல் காத்துல, ஈரப்பதத்துல இன்னும் சீக்கிரம். எத்தனை கிலோ போட்டோம்னு நோட்டுல எழுதினா அதுல ஒண்ணும் தெரியாது. குழாய்ல எவ்வளவு மிச்சம் வருதுன்னு பார்த்தாதான் தெரியும்.)

இவ்வளவும் படிச்சிட்டு சும்மா இருக்க முடியல. நானே பார்த்துடலாம்னு குளோரின் சோதிக்கிற சின்ன டப்பா ஒண்ணு வாங்கினேன். மீன் தொட்டி சாமான் விக்கிற கடையிலயும் கிடைக்குது, லேப் கெமிக்கல் கடையிலயும் கிடைக்குது. கண்ணாடிக் குழாய்ல தண்ணியைப் பிடிச்சு மருந்துல சில சொட்டு விடணும். குளோரின் இருந்தா மஞ்சள் நிறம் வரும். கூடவே குடுக்கிற அட்டையில வெச்சு ஒப்பிட்டா அளவு தெரியும். இன்னொரு வகையில ரோஸ் கலர் வரும், அது இன்னும் துல்லியம். (மஞ்சள் வர்ற வகையில போடற மருந்து விஷம். பார்த்ததும் தண்ணியைக் கொட்டிட்டுக் கையைக் கழுவிடுங்க. குழந்தைங்க கைக்கு எட்டாம வைங்க.)

தெருக்குழாய்ல தண்ணி வந்தவுடனே பிடிச்சுப் பார்த்தேன். லேசா மஞ்சள் வந்துச்சு. மனசுக்கு நிம்மதியா இருந்துச்சு.

வீட்டுச் சம்ப்ல இருந்து எடுத்துப் பார்த்தேன். நிறமே இல்ல. மாடியில இருக்கிற சின்டெக்ஸ்ல எடுத்தேன். அதுலயும் இல்ல. வெயில்ல காஞ்சு, நாள்கணக்குல கிடந்தா குளோரின் பறந்துடும், அதான் காரணம்.

அப்புறம் ஆர்ஓ மெஷின் தண்ணி. அதுலயும் குளோரின் துளிகூட இல்ல. இருக்கவும் இருக்காது. ஆர்ஓவுல இருக்கிற கரி வடிகட்டி குளோரினை எடுத்துட்டுத்தான் தண்ணியை மெம்பிரேனுக்கு அனுப்பும். அதனால ஆர்ஓ தண்ணியைப் பிடிச்சு வாய் அகலமான குடத்துல ரெண்டு நாள் வெச்சு, கையை விட்டு மொண்டு குடிச்சா அந்தத் தண்ணிக்குக் காவலே கிடையாது. இது எனக்கே புதுசா இருந்துச்சு. கேன் தண்ணிக்கும் இதேதான். மூடியைத் திறந்து கவுத்து வெச்சு, அந்தக் குழாயை எல்லாரும் தொட்டுத் தொட்டு ஒரு வாரம் குடிச்சா, கேன்ங்கிறதுக்காகக் கிருமி ஒதுங்கிப் போகாது.

அடுத்து கறுப்புச் சோதனை. ஒரு சின்ன சீசா, உள்ள மருந்து. கோடு வரைக்கும் தண்ணி பிடிச்சு மூடி, நிழல்ல வெச்சிடணும். ஒரு நாள், ரெண்டு நாள்ல பார்க்கணும். மலக் கிருமி இருந்தா தண்ணி கறுத்துப் போகும், அழுகின முட்டை வாடை வரும். கிராமத்துல மகளிர் குழுவுக்கு இந்தச் சீசாவைக் குடுத்துத்தான் பழக்குறாங்க. ஊருக்கு அஞ்சு பொம்பளைங்க தண்ணி சோதிக்கக் கத்துக்கணும்னு ஜல் ஜீவன் திட்டத்துலயே இருக்கு.

தெருக்குழாய்த் தண்ணி கறுக்கல. ஆனா கொல்லையில இருக்கிற பழைய கிணத்துத் தண்ணி மறுநாள் காலையிலேயே கறுப்பு. கிணத்துக்கும் கழிவுத் தொட்டிக்கும் 15 மீட்டராவது இடைவெளி வேணும்னு சொல்வாங்க. எங்க ஊர் மனைக்கட்டுல 15 மீட்டருக்குள்ள மூணு வீட்டுக் கழிவுத் தொட்டி இருக்கு. அந்தக் கிணறு இனிமே செடிக்கு மட்டும்.

சம்பைக் காலி பண்ணித் தேய்ச்சுக் கழுவினோம். மூடியில விரிசல் இருந்துச்சு, பூசினோம். 1,000 லிட்டர் தண்ணிக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் 2.5 கிராம் அளவு. அப்படியே கொட்டக் கூடாது. ஒரு வாளியில கொஞ்சம் தண்ணி விட்டுக் குழைச்சு, சுண்ணாம்பு அடியில தங்கினதும் மேல தெளிஞ்ச தண்ணியை மட்டும் ஊத்தணும். ஒரு மணி நேரம் விடணும். மறுபடி சோதிச்சேன், மஞ்சள் வந்துச்சு. வீட்டுல எல்லாரும் வந்து எட்டிப் பார்த்தாங்க. அந்த மஞ்சளைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டோம்!

இவ்வளவு செஞ்சப்புறமும் என் மனசுல இருந்த கேள்வி போகல. இதெல்லாம் நான் ஏன் வீட்டுல செய்யணும்? செய்யத் தெரியாதவங்க, நேரம் இல்லாதவங்க, மருந்து டப்பா வாங்கக் காசில்லாதவங்க என்ன பண்ணுவாங்க? கிளிஞ்சல்மேட்டுலயும் பட்டினச்சேரியிலயும் விடியறதுக்கு முன்னாடி மீன் ஏலத்துக்கு ஓடுற பொண்ணுங்க தினமும் கண்ணாடிக் குழாயை வெச்சுக்கிட்டு நிப்பாங்களா?

இங்கதான் சட்டம் வருது. எனக்கு உண்மையிலேயே அதிர்ச்சி குடுத்த இடம் இது.

பாட்டில்லயும் கேன்லயும் அடைச்சு விக்கிற தண்ணி உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குக் கீழ வருது. தரம் தப்பினா வழக்கு, அபராதம். 2024 நவம்பர்ல அதை அதிக ஆபத்துள்ள உணவு வகையில சேர்த்தாங்க. வருஷா வருஷம் வெளியாள் வெச்சுத் தணிக்கை பண்ணணும்.

குழாய்த் தண்ணி?

ஐஎஸ் 10500 இருக்கே, 0.2 இருக்கணும், ஈ.கோலை கூடாதுன்னு சொல்ற அந்தத் தரம், குழாய்ல தண்ணி விடற அரசு அமைப்புகளுக்குச் சட்டப்படி கட்டாயம் கிடையாது. பின்பற்றினா நல்லது. அவ்வளவுதான்.

2019 நவம்பர்ல அப்போ மத்திய நுகர்வோர் துறை அமைச்சரா இருந்த ராம் விலாஸ் பாஸ்வான் ஒரு பட்டியல் வெளியிட்டாரு. டெல்லியிலயும் மாநிலத் தலைநகரங்கள்லயும் குழாய்த் தண்ணியைப் பிடிச்சு இந்தியத் தர நிர்ணய அமைவனம் (பிஐஎஸ்) சோதிச்சிருந்தது. மும்பையில எடுத்த மாதிரி எல்லாம் தேறிச்சு. டெல்லியில எடுத்த 11-உம் தேறல. நம்ம சென்னையில எடுத்த 10-உம் தேறல. இந்தத் தரத்தைக் கட்டாயமாக்கணும்னு அப்பவே பேச்சு வந்துச்சு. 2020-ல குழாய்த் தண்ணி விநியோகத்தை எப்படி நடத்தணும்னு ஐஎஸ் 17482-ன்னு தனியா ஒரு தரமும் எழுதினாங்க. எழுதினது இருக்கு. கட்டாயம் இன்னும் வரல.

அதாவது, காசு குடுத்து வாங்குற தண்ணிக்குச் சட்டத்தோட துணை இருக்கு. காசில்லாதவங்க குடிக்கிற தண்ணிக்கு நல்ல மனசை மட்டும் நம்பியிருக்கோம். சுத்தமான தண்ணி வாழ்ற உரிமையில ஒரு பகுதின்னு சுப்ரீம் கோர்ட் 1991-லயே சுபாஷ் குமார் வழக்குல சொல்லிடுச்சு. உரிமைன்னு சொன்னா அதை அளக்குறதுக்கு ஒரு எண் வேணும். அந்த எண் தப்பினா பதில் சொல்ல ஒரு ஆள் வேணும்.

ஒரு வெளிநாட்டுக் கதை சொல்றேன், கேளுங்க.

கனடாவுல ஒன்டாரியோ மாகாணம், வாக்கர்டன்னு ஒரு சின்ன ஊர். 5,000 பேர் இருப்பாங்க. 2000-ஆம் வருஷம் மே மாசம் பெரிய மழை. மாட்டுச் சாணம் கரைஞ்சு ஊருக்குத் தண்ணி குடுக்கிற ஒரு கிணத்துக்குள்ள இறங்கிடுச்சு. அதுல கெட்ட வகை ஈ.கோலை. 2,300 பேர் படுத்துட்டாங்க. 7 பேர் செத்துப் போனாங்க.

விசாரணை நடந்துச்சு. நீதிபதி டென்னிஸ் ஓ’கானர் தலைமையில. என்ன தெரிஞ்சது? தண்ணி விடற பொறுப்புல இருந்தவங்க வருஷக்கணக்கா குளோரினைச் சரியா போடல, சரியா அளக்கவும் இல்ல. ஆனா தினசரி நோட்டுல மட்டும் அளந்த மாதிரி எண்ணை எழுதி வெச்சிருக்காங்க. மே மாசம் பரிசோதனைக் கூடத்துல இருந்து தண்ணி கெட்டுப் போச்சுன்னு அறிக்கை வந்தப்பவும் சுகாதாரத் துறைகிட்ட சொல்லல. “தண்ணி நல்லா இருக்கு”ன்னுட்டாங்க.

வசதியான நாடு, பெரிய பெரிய மெஷின் இருக்கிற நாடு. அங்கயே யாரும் எட்டிப் பார்க்காத நோட்டுல பொய் ஏறிடுச்சு. ஒன்டாரியோ அதுல இருந்து பாடம் படிச்சது. 2002-ல பாதுகாப்பான குடிநீருக்குன்னே தனிச் சட்டம் போட்டாங்க. தண்ணி விடறவங்களுக்குப் பயிற்சி, உரிமம், தப்பினா தண்டனை. அமெரிக்காவுல 1974-லயே அப்படி ஒரு சட்டம் வந்தாச்சு. அங்க ஒவ்வொரு ஊர்த் தண்ணி அமைப்பும் வருஷா வருஷம் ஜூலை 1-க்குள்ள, “உங்க தண்ணியில இன்னின்ன இருந்துச்சு, இந்த இடத்துல அளவு தப்பிடுச்சு”ன்னு வாடிக்கையாளருக்கு அறிக்கை குடுத்தாகணும்.

அவங்க கிருமியைக் கண்டு நம்மள விட அதிகமா பயப்படறாங்கன்னு இல்ல. சொல்லியே ஆகணும்னு சட்டம் இருக்கு, சொல்றாங்க.

நம்ம நாட்டுல? எட்டு தடவை நாட்டுலயே சுத்தமான நகரம்னு பேர் வாங்கின இந்தூர்ல, 2025 டிசம்பர்ல பாகீரத்புரா பகுதியில குடிதண்ணியில சாக்கடை கலந்து உயிர் போச்சு. மெயின் குழாய்க்கு மேலயே ஒரு கழிப்பறை கட்டியிருந்தாங்க, அங்கதான் கசிவு. தெரு பளபளன்னு இருக்கலாம். மண்ணுக்கடியில என்ன நடக்குதுன்னு அந்த மெடல் சொல்லாது.

எங்க ஊருக்கு இன்னொரு கூடுதல் கஷ்டம். இங்க குடிதண்ணி பொதுப்பணித் துறை கையில. பெரிய முடிவு எதுவா இருந்தாலும் கோப்பு 130 கிலோமீட்டர் போயிட்டு வரணும். ஒரு பழைய குழாயை மாத்தணும்னா மதிப்பீடு, ஒப்புதல், நிதின்னு எத்தனை மேசை. சுத்தி இருக்கிற நாகப்பட்டினம், மயிலாடுதுறை வேற மாநிலம். ஒரே ஆத்துத் தண்ணி, ஒரே நிலத்தடி நீர், ஆனா வேற அரசாங்கம். கடல் பக்கம் போகப் போக நிலத்தடி நீர் உப்பு. அதனால உள்பக்கத்துல இருந்துதான் நல்ல தண்ணி குழாய்ல வரணும். நீளமான குழாய்னா நிறைய மூட்டு, நிறைய மூட்டுன்னா நிறைய கசிவு.

புதுச்சேரி பாரதி பூங்காவுல வெள்ளை வெளேர்னு ஆயி மண்டபம் இருக்கே, பார்த்திருப்பீங்க. அது எதுக்குக் கட்டினது தெரியுமா? பிரெஞ்சுக்காரங்க காலத்துல முத்திரப்பாளையத்துல இருந்து ஊருக்கு நல்ல தண்ணி கொண்டு வந்ததோட ஞாபகமா. குளம் வெட்டின ஆயிங்கிற பொண்ணோட பேர் வெச்சிருக்கு. குடிதண்ணி வந்ததுக்கு மண்டபம் கட்டிக் கொண்டாடின மண்ணு இது. அந்த மரியாதையைக் காரைக்கால் குழாய்க்கும் குடுங்கன்னு கேட்கிற உரிமை எங்களுக்கு இருக்கு.

நடுவுல ஒரு முக்கியமான விஷயம். வயித்தால போற குழந்தை வீட்டுல இருந்தா தண்ணியை ஆராயறதுக்கு முன்னாடி உயிரைப் பாருங்க. காலராவுல ஆளைக் கொல்றது உடம்புல இருந்து தண்ணியும் உப்பும் இறங்கிப் போறதுதான். ஓஆர்எஸ் பாக்கெட் எந்த மருந்துக் கடையிலயும், அரசு சுகாதார நிலையத்துலயும் கிடைக்கும். பாக்கெட்டுல போட்டிருக்கிற அளவுத் தண்ணியில கரைக்கணும், கொஞ்சம் கொஞ்சமாக் கரைச்சு வைக்கக் கூடாது. பாக்கெட் கைக்கு வரலைன்னா, கொதிக்க வெச்சு ஆறின ஒரு லிட்டர் தண்ணியில தலை தட்டின ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டின அரை டீஸ்பூன் உப்பு. வாந்தி எடுத்தாலும் பத்து நிமிஷம் விட்டுட்டுக் கரண்டி கரண்டியாக் குடுங்க. குழந்தை சோர்ந்து போனா, கண்ணு உள்ள போனா, ஒண்ணுக்குப் போகலைன்னா ஒரு நிமிஷம் கூடத் தாமதிக்காம ஆஸ்பத்திரி.

இந்தச் சாதாரணக் கரைசலோட பலத்தை உலகத்துக்குக் காட்டினவர் ஒரு வங்காளி டாக்டர், திலீப் மஹலனாபிஸ். 1971-ல வங்கதேசப் போர் நேரத்துல பொங்காவ் அகதி முகாம்ல காலரா. ஏத்துறதுக்கு டிரிப்ஸ் பாட்டில் தீர்ந்து போச்சு. உப்பும் குளுக்கோஸும் கலந்து டிரம்ல கரைச்சு, நோயாளியோட சொந்தக்காரங்க கையிலயே குடுத்துக் குடிக்க வைக்கச் சொன்னாரு. நூத்துக்கு முப்பது பேர் சாகற இடத்துல நாலு பேருக்கும் கீழ இறங்குச்சு. காரைக்கால்ல காலரா வந்த அதே 2022-ல, அக்டோபர்ல அவர் காலமானார். மறு வருஷம் பத்ம விபூஷண் குடுத்தாங்க.

ஆனா ஓஆர்எஸ் இருக்குங்கிறதுக்காக நோயை வர விட முடியாதுல்ல. லண்டன்ல 1854-லயே ஜான் ஸ்னோங்கிற டாக்டர் செத்தவங்க எந்தெந்த வீட்டுலன்னு விசாரிச்சுக் காலரா ஒரு தண்ணிப் பம்புல இருந்து வருதுன்னு கண்டுபிடிச்சு, அந்தப் பம்போட கைப்பிடியைக் கழட்ட வெச்சாரு. அது நடந்து 168 வருஷம் கழிச்சு எங்க ஊர்ல காலரா. எப்படி வருதுன்னு தெரியாம வந்த நோய் இல்ல இது.

சரி, என்ன கேட்கலாம்?

நான் ரொம்ப யோசிச்சுப் பார்த்தேன். புதுக் குழாய், 24 மணி நேரத் தண்ணி எல்லாம் வேணும். அதுக்குக் கோடிக்கணக்குல பணமும் காலமும் ஆகும். அதைக் கேட்டுக்கிட்டே இருப்போம். ஆனா நாளைக்கே செய்யக் கூடியது ஒண்ணு இருக்கு. ஒவ்வொரு மேல்நிலைத் தொட்டிக்கும் கீழ ஒரு போர்டு. அதுல நாலு விஷயம்.

தொட்டி கடைசியா எப்போ கழுவினாங்க, அடுத்து எப்போ.

இன்னிக்கு முதல் குழாய்ல குளோரின் எவ்வளவு, கடைசி வீட்டுக் குழாய்ல எவ்வளவு.

இந்த மாசம் எந்தக் குழாய்ல மாதிரி எடுத்தாங்க, ஈ.கோலை இருந்துச்சா இல்லையா.

எந்தத் தெருவுல கசிவுன்னு புகார் வந்துச்சு, எத்தனை நாள்ல சரி பண்ணினாங்க.

இவ்வளவுதான். ஒரு போர்டு, ஒரு பேனா, ஒரு சோதனை டப்பா. கடைசி வீடுங்கிறது முக்கியம், அதை விட்டுடாதீங்க. டேங்க்கு அடியில அளந்தா எப்பவும் நல்லாத்தான் இருக்கும். சாக்கடையைத் தாண்டித் தாண்டி வர்ற தண்ணி, தெருக்கோடியில இருக்கிற குடிசை வீட்டுக் குழாய்ல என்ன நிலைமையில வருதுங்கிறதுதான் ஊரோட தண்ணி. அங்க 0.2 இருந்தா ஊருக்கே இருக்குன்னு அர்த்தம்.

எண்ணைப் பொய்யா எழுதிட்டா? எழுதலாம். வாக்கர்டன்ல எழுதினாங்க. ஆனா அது பூட்டின அறைக்குள்ள இருந்த நோட்டு. தெருவுல இருக்கிற போர்டுன்னா கடைசி வீட்டுக்காரர் தன் குழாய்ல பிடிச்சுப் பார்த்து, “நீங்க 0.3-ன்னு போட்டிருக்கீங்க, எனக்கு நிறமே வரலையே”ன்னு கேட்பாரு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களே பார்த்துடுவாங்க. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்தச் சோதனை அஞ்சு நிமிஷ வேலை.

தண்ணியைப் பரிசோதனைக் கூடத்துக்கும் எடுத்துட்டுப் போகலாம். ஜல் ஜீவன் திட்டத்துல அரசுக் கூடங்களைப் பொதுமக்களுக்கும் திறந்து விடணும்னு சொல்லியிருக்காங்க, கட்டணம் கொஞ்சம்தான். கிருமிச் சோதனைக்குன்னா சுத்தம் பண்ணின பாட்டில்ல பிடிச்சு, ஐஸ் வெச்சு, அன்னிக்கே குடுத்துடுங்க. வெயில்ல வெச்சுட்டுப் போனா முடிவு சரியா வராது.

போர்டு வைக்க மாட்டோம்னு சொன்னா தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு. மேல சொன்ன நாலையும் அப்படியே நாலு கேள்வியா எழுதுங்க. உங்க தொட்டி, உங்க தெருப் பேர், போன மூணு மாசம். 30 நாள்ல பதில் வரணும். ஒருத்தர் கேட்டா அது ஒரு மனு. திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி, திருப்பட்டினம், காரைக்கால் டவுன்னு ஒவ்வொரு தொட்டிக்கும் ஒருத்தர் கேட்டா, அந்த எண்ணைத் தினமும் எடுத்து வெச்சே ஆக வேண்டிய நிலைமை வந்துடும்.

என்னோட மனு எழுதி முடிச்சாச்சு, திங்கக்கிழமை பதிவுத் தபால்ல போகுது. அந்தப் பொண்ணோட தெருவுக்கும் சேர்த்துத்தான் கேட்டிருக்கேன். உங்க தொட்டிக்கு நீங்க எழுதுங்க. எப்படி எழுதறதுன்னு சந்தேகம் இருந்தா கேளுங்க, கூட உட்கார்ந்து எழுதித் தர்றேன்.